சக்கரப் பூட்டின் சாவி

கார் வாங்கப்போகிற எவராவது என்னிடம் யோசனை கேட்டு வந்தால் எங்கள் வீட்டில் உள்ளவர்கள் மெல்ல எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விடுவார்கள். நான் நிறத்தைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ பேசமாட்டேன், சக்கரத்தில்தான் ஆரம்பிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். சக்கரத்தில் ஆரம்பித்தால் போனக்காட்டு ரோட்டில் போய்த்தான் நிற்பேன் என்பதும் தெரியும். கேட்க வந்தவர் பாவம், அவருக்கு அது தெரியாது.

ஆரியசாலையில் எங்களுக்கு வத்தல், மல்லி மொத்த வியாபாரம். கீழே கடை, மாடியில் வீடு. முதல் தடவை வருகிறவர்கள் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் நாலு தும்மல் தும்மிவிடுவார்கள். அம்மா போய்ப் பல வருடமாகிவிட்டது. அப்பா, நான், என் மனைவி, அவ்வளவுதான் வீட்டில். எனக்கு ஒரு ஸ்கூட்டர், சரக்குக்கு ஒரு வேன். கார் என்பது எங்கள் நினைப்பிலேயே இல்லாத சாமான். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடத்தில் அதை வாங்கினோம் என்றால், அது என் தங்கைக்காக.

தங்கையை வித்துராவுக்கு மேலே போனக்காட்டில், ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறவருக்குக் கொடுத்திருந்தோம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. மூன்றாவது தடவை சந்தோஷப்படக்கூட எங்களுக்குப் பயமாக இருந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றி உரக்கப் பேசுவதில்லை. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் டவுனில் ஒரு மலையாளி டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தோம். ஆறு மாதம் முடிகிறவரை இருக்கிற இடத்திலேயே படுத்திருக்கட்டும், எங்கும் அசைக்க வேண்டாம், ஏழாம் மாதம் இங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்றார். நாங்கள் கதவு வரை வந்த பிறகு, "குலுங்காமல் கொண்டு வரணும், கேட்டோ" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா ஆட்டோவில் வீடு வந்து சேர்கிறவரை அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

வித்துரா வரை டாக்சி வரும். அதற்கு மேலே டாக்சிக்காரர்கள் ஏறமாட்டார்கள், ஜீப்தான். மழை அரித்து, கல் பெயர்ந்து கிடக்கும் காட்டு வழி அது. ஜீப்பில் ஒரு தடவை போய்வந்தால் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஜீப் என்று யாராவது சொன்னாலே அப்பாவுக்கு முகம் மாறிவிடும். "எம் பிள்ளைய அந்த ஜீப்புல ஏத்தவே மாட்டேன், பாத்துக்கோ" என்று, யாரும் ஏற்றச் சொல்லாதபோதே சண்டைக்கு வருவார். அப்படித்தான் கார் வாங்குவது என்று முடிவாயிற்று.

யோசனை சொல்ல என் மனைவியின் தம்பி வந்தான். ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்களை வயர் போட்டு ஒன்றோடொன்று இணைப்பது அவன் தொழில். எங்கள் மாடிக் கம்ப்யூட்டரையும் கடைக் கம்ப்யூட்டரையும் இணைக்கிறேன் என்று சுவரில் ஓட்டை போட்டவன் அவன்தான். அந்த ஓட்டை வழியாக நெட்வொர்க் ஒழுங்காக வந்ததோ இல்லையோ, வத்தல் நெடி ஒழுங்காகப் படுக்கையறைக்கு வந்துகொண்டிருந்தது. ஆனாலும் புதுச் சாமான் எதுவானாலும் அவனுக்குத்தான் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

ஷோரூமில் ஒரே வண்டியில் மூன்று மாதிரி வைத்திருந்தார்கள். அடுத்தடுத்த மாதிரிக்குப் போகப்போக ஒவ்வொரு வசதியாகக் கூடும். இதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிப்பதற்குள் எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. பவர் ஸ்டியரிங் கட்டாயம் வேண்டும் என்றேன்; மலை வளைவில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினால் வண்டி வெட்டி வெட்டித் திரும்பும், பின்னால் இருப்பவளுக்கு ஆகாது. ஏ.சி. வேண்டும், தூசி உள்ளே வந்தால் அவள் இருமுவாள், இருமினால் வயிறு குலுங்கும். மியூசிக் சிஸ்டம் என்று மச்சினன் வாயெடுத்தபோது, பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிற பயணமா இது என்று நான் எரிந்துவிழுந்தேன். அப்பா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். ஒரு கதவைப் பூட்டினால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும் சென்ட்ரல் லாக். பூட்டு உள்ள எதுவும் அவருக்குப் பிடிக்கும்.

பிறகு சக்கரம் வந்தது. கம்பெனி போட்டுத் தருவது இரும்பு ரிம்; அலுமினியக் கலவையில் வார்த்த அலாய் ரிம் வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும். மச்சினன், "அத்தான், இரும்பு போடாண்டாம். அலாய் போடுவோம். அதுவும் ஒரு இஞ்ச் பெருசாட்டு. வண்டி நிக்க நிப்பே வேறயாக்கும்" என்றான். நிற்கிற நிற்பைப் பற்றி எனக்கென்ன கவலை? ஓடும்போது குலுங்குமா என்று கேட்டேன். அவனுக்கு அது தெரியவில்லை. நான் சாலையில் நின்ற கார்களின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைப் படிக்க ஆரம்பித்தேன். காரின் சொந்தக்காரர்கள் வந்து ஒரு மாதிரி பார்த்தார்கள்.

டயரின் பக்கவாட்டில் மூன்று எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் அளவு. பெரிய ரிம் போட்டால் அதே இடத்துக்குள் டயரை அடக்க வேண்டும் என்பதால் பக்கச் சுவர் குட்டையாகிவிடும். பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் குழியில் விழும் அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர் சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். அது குட்டையானால் அடி நேரே முதுகுக்கு வரும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே கார் வாங்குகிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

எனக்கு அது போதவில்லை. மச்சினன் விடாமல், அலாய் கனம் குறைவு, கனம் குறைந்த சக்கரம் குழியில் லேசாக இறங்கி ஏறும், உள்ளே அடி குறையும் என்று எங்கேயோ படித்துக்கொண்டு வந்து சொன்னான். அதிலும் உண்மை இருந்தது. அடி குறையும் என்ற சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். கடைசியில் கம்பெனி அளவிலேயே, உயரமான டயரோடு, அலாய் சக்கரம் நாலு வாங்கி மாட்டினோம். இரும்பு கல்லில் அடித்தால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வண்டிக்கு வீட்டில் ஷெட் கிடையாது. மூட்டை இறக்கும் தெருவில், கடைக்கு எதிரேதான் நிற்க வேண்டும். ராத்திரி அலாய் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ அப்பாவைப் பயமுறுத்திவிட்டார்கள். அதற்கும் ஒரு பூட்டு இருக்கிறது என்று மச்சினன் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. சக்கரத்துக்கு நாலு நட்டு உண்டல்லவா, அதில் ஒன்றுக்குப் பதிலாக வேறு மாதிரி வரிவெட்டிய ஒரு நட்டைப் போடுவது. அதற்கென்று உள்ள சாவி இல்லாமல் அதைக் கழற்ற முடியாது. சாவி என்றால் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, வாயில் வளைந்து வளைந்து ஒரு பள்ளம். அதை நட்டில் பொருத்தி, அதன் மேல் ஸ்பானரைப் போட்டுத் திருப்ப வேண்டும். நாலு சக்கரத்துக்கும் அந்த ஒரே சாவிதான்.

எங்கள் வீட்டில் சாவிகளுக்கு ஒரு முறை உண்டு. கடை அடைத்ததும் சாவிக்கொத்து பூஜை அறைக்கு வந்துவிடும். சாமி படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளம்; கடைச் சாவி, சரக்குக் கிட்டங்கிச் சாவி, பீரோச் சாவி, ஸ்கூட்டர் சாவி எல்லாம் ராத்திரி அதில்தான். காலையில் விளக்கேற்றி, குங்குமம் வைத்து, அப்பா எடுத்துக் கொடுத்தால்தான் யாரும் தொடலாம். ஆரியசாலையில் பல வியாபாரக் குடும்பங்களில் இப்படித்தான். கார் சாவியும் வந்த அன்றே தாம்பாளத்தில் சேர்ந்தது. சக்கரத்தின் சாவியை மட்டும் நான் காரின் டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்தேன். அது வண்டியோடு இருக்க வேண்டிய சாமான் என்று அப்பாவிடமும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

ஏழாம் மாதம் வருகிறவரை நான் பழகினேன். பின்சீட்டில் மனைவியை உட்காரவைத்து, மடியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, நெடுமங்காடு ரோட்டில் ஓட்டுவேன். தண்ணீர் சிந்தினால் அவள் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவள் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாள். "எனக்கு சளி பிடிக்கப்போவுது. உங்க தங்கச்சிக்குக் காரு, எனக்குக் குளியலா?" என்றாள். போகப்போகச் செம்பு அலம்பாமல் ஓட்ட வந்தது. அப்படியும் எனக்குப் பயம் போகவில்லை. நெடுமங்காடு ரோடு வேறு, போனக்காட்டு ரோடு வேறு.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தேன். டயருக்குக் காற்று, ஸ்டெப்னிக்குக் காற்று, ஜாக்கி, ஸ்பானர், டார்ச், டாஷ்போர்டு பெட்டியில் சக்கரச் சாவி. எல்லாம் இருந்தன. மறுநாள் காலையில் அப்பா விளக்கேற்றி, கார் சாவியை எடுத்துத் தந்தார். "மெல்லப் போ மக்கா. நேரமானாலும் குத்தமில்ல" என்றார். நானும் மனைவியும் கிளம்பினோம்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. வித்துரா தாண்டியதும் மொபைலில் சிக்னல் போய்விட்டது. காட்டு வழியில் நடக்கிறவன் வேகத்தில் ஏறிப்போய்ச் சேர்ந்தோம். தங்கையின் வீட்டுக்காரருக்கு அன்று லீவு இல்லை. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி, பின்சீட்டில் தலையணைகளை அடுக்கி அவளை உட்காரவைத்தார். அவள் வெளுத்துப்போயிருந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்தபடியே ஏறினாள். வழியெல்லாம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

பாதி வழி இறங்கியிருப்போம். ஒரு வளைவில் ஈர இலைகள் குவிந்து கிடந்தன. அதற்கடியில் ஒரு கூர்க்கல். எனக்குத் தெரியவில்லை. முன்பக்க இடது சக்கரம் அதில் ஏறி டக்கென்று இறங்கியது. பிரமாதமான குலுக்கல் ஒன்றும் இல்லை. செம்பாக இருந்தால் கொஞ்சம் சிந்தியிருக்கும். ஆனால் உடனே புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். ரிம்மின் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயர் தரையோடு தரையாகிவிட்டது.

சரி, ஸ்டெப்னி இருக்கிறது, மாற்றிவிடலாம் என்று இரண்டு பேரையும் இறக்கி ஒரு பாறைமேல் உட்காரவைத்தேன். மூன்று நட்டுகள் கழன்றன. நாலாவதுக்குச் சாவி வேண்டும். டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். ஆர்.சி. புத்தகம் இருந்தது, டார்ச் இருந்தது, ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. அந்தப் பொட்டலத்தை நான் வைக்கவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் பார்த்துவிட்டுப் போன பிறகு அப்பா வந்து பெட்டியைத் திறந்திருக்கிறார். பயணம் நல்லபடியாக முடிய எல்லாச் சாவிக்கும் ஒரு ராத்திரி சாமி முன்னால் இருக்க வேண்டும் என்று அதையும் கொண்டுபோய்த் தாம்பாளத்தில் வைத்திருக்கிறார். காலையில் எடுக்க மறந்திருக்கிறார். எங்கள் சக்கரத்தின் சாவி ஆரியசாலையில் குங்குமப் பொட்டோடு பத்திரமாக இருந்தது.

இருந்த கோபத்துக்கு ஸ்பானரை எடுத்துச் சக்கரத்தில் ஓங்கி அடித்தேன். அந்தப் பூட்டு நல்ல பூட்டுதான். இம்மியும் அசையவில்லை.

அப்போதுதான் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணே, பிள்ள அசையல்ல."

"எப்போ இருந்து?"

"அந்தக் கல்லுல இடிச்சதுக்கு அப்புறம் அசையவே இல்ல. காலையில எல்லாம் நல்லா அசைஞ்சுக்கிட்டு இருந்துது."

என் மனைவி அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை. வெறும் ரிம்மில் ஓட்டிக்கொண்டு போகலாமா என்று நினைத்தேன். அந்த அடியை நினைத்து விட்டுவிட்டேன். தூக்கிக்கொண்டு நடக்கலாமா என்று நினைத்தேன். மேலேயும் கீழேயும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காட்டில் ஏதோ ஒரு பூச்சி இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறும் சாக்குகளோடு வித்துராவுக்குத் திரும்பும் ஜீப். பழக்க தோஷம், நான் முதலில் அதன் டயரைத்தான் பார்த்தேன். நாலும் மொட்டை.

டிரைவர் பாறைமேல் இருந்த தங்கையைப் பார்த்தார். "ஏத்துங்கண்ணே, முன்னாடி உக்காரட்டும்" என்றார். இத்தனை மாதமாக நாங்கள் எதை வேண்டாம் என்று ஓடினோமோ, அது எதிரே வந்து நின்று ஏறச் சொல்கிறது. தங்கையே எழுந்து நடந்தாள். நாங்கள் பின்னால் சாக்குகளின்மேல் ஏறினோம். போகும்போது காரை நான் பூட்டினேன். எங்கும் நகர முடியாத அந்தக் காரின் நாலு கதவும் ஒரே சொடுக்கில் பூட்டிக்கொண்டன.

அந்த ஜீப்புக்கு அடியில் ஸ்பிரிங் வில் என்று ஒன்று இருந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம். ஒவ்வொரு குழிக்கும் நான் பின்னாலிருந்து "மெல்ல, மெல்ல" என்று கத்தினேன். "இதுக்கும் மெல்லப் போனா வண்டி நின்னுரும்ணே" என்றார் டிரைவர். ஒரு ஓடை ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஜீப் மொத்தமாக இறங்கி, மொத்தமாக எழும்பியது. என் தலை மேல்கம்பியில் இடித்தது. முன்னால் தங்கை "அம்மா!" என்று அலறினாள்.

டிரைவர் பிரேக் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறக்கத் துணிவில்லை.

"அண்ணே" என்றாள் தங்கை. "உதைக்கான்."

"என்னது?"

"உதைக்கான் அண்ணே! மைனி, இங்க பாருங்க, உதைக்கான்!" அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என் மனைவி சீட்டுக்கு மேலே எட்டிக் கையை வைத்துப் பார்த்து, "ஆமா, ஆமா" என்று அவளும் அழுதாள். டிரைவர் ஒன்றும் புரியாமல், போகலாமா வேண்டாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். போங்கள் என்று கையைக் காட்டினேன். அடுத்த குழியிலும் உதைத்தான். அதற்கடுத்த குழியிலும். அதற்குப் பிறகு நான் மெல்ல என்று சொல்லவில்லை. அடுத்த குழி எங்கே வருகிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வித்துராவில் சிக்னல் வந்ததும் வீட்டுக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. கடைக்கு அடித்தேன், அங்கேயும் எடுக்கவில்லை. அது ஒரு புதுக் கவலையாயிற்று. டாக்சி பிடித்து நேரே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் குழந்தையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டுவிட்டு, எங்களுக்கும் கேட்கவைத்துவிட்டு, "ஒரு குழப்பமும் இல்ல. உறங்கியிருக்கும்" என்றார். உறங்கியிருக்கும்! எனக்கு அங்கேயே தரையில் உட்கார வேண்டும்போல இருந்தது.

ஆரியசாலைக்குத் திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். டாக்சியில் வரும் வழியெல்லாம் அப்பாவிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். சொன்னேனா இல்லையா, வண்டியோடு இருக்க வேண்டியது என்று? சாமிக்கு நம் வண்டிச் சக்கரத்தைக் கழற்றுகிற வேலையா? ஒன்றுகூட மறந்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

லாரிகள் உள்ளே திரும்பும் தெருமுனையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தெருவில் பார்த்தால் எங்கள் கடை அடைத்திருந்தது. அம்மா இறந்த நாளுக்குப் பிறகு வேலை நாளில் அந்தக் கதவு அடைத்து நான் பார்த்ததில்லை. மத்தியானம் சாமி படத்துக்குப் பூ மாற்றும்போதுதான் அப்பா தாம்பாளத்தில் சக்கரச் சாவி கிடப்பதைப் பார்த்திருக்கிறார். எனக்கு அடித்தும் கிடைக்கவில்லை. கடையை அடைத்துவிட்டு, வித்துரா பஸ் ஏறப் போயிருக்கிறார். ஏறின பிறகு, நாங்கள் வழியில் தாண்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்று இறங்கிவிட்டிருக்கிறார். அப்போதிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

கார் வரும் என்று பார்த்திருந்தவர், டாக்சியிலிருந்து நாங்கள் இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கார் எங்கே என்று கேட்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். கடைசியில், "குலுங்கிச்சா மக்ளே?" என்றார்.

"நல்லாக் குலுங்கிச்சுப்பா" என்றாள் தங்கை. "ஜீப்புலயாக்கும் வந்தேன். அதுலதான் முழிச்சுக்கிட்டு உதைக்கவே ஆரம்பிச்சான்."

அப்பா தலையை ஆட்டினார். அவள் சொன்னது முழுவதும் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, மூடியிருந்த வலது கையைத் திறந்தார். உள்ளங்கை முழுவதும் வியர்வையில் கரைந்த குங்குமம். நடுவில் அந்த இரும்புத் துண்டு. நான் அதை எடுத்தபோது அதன் பள்ளத்தின் வளைந்த விளிம்பு அவர் தோலில் ஆழமாகப் பதிந்திருந்தது. "பத்திரமாட்டு வச்சேன் மக்கா" என்றார்.

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது சூடாக இருந்தது.